அக்கா மாதிரி எனக்கு மனசு இல்லையோ?

கேள்வி:

நான் குடியாத்தத்துக்காரி. வயது 24. நர்சிங் டிப்ளமோ முடித்துவிட்டு வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் இரண்டாவது வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக வேலை செய்கிறேன். எங்கள் மெடிக்கல் வார்டில் ஒரு சீனியர் அக்கா இருக்கிறார். டாக்டர்களில் இருந்து வார்டைப் பெருக்கித் துடைக்கும் அம்மா வரை எல்லோருக்கும் அவர் என்றால் உயிர். யாரிடமும் மாத்திரை வாங்காத தாத்தா அக்கா போனால் வாயைத் திறப்பார். யாராவது இறந்துவிட்டால் குடும்பத்திடம் பேச அவரைத்தான் கூப்பிடுவார்கள். கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு நான் ஊருக்குப் போக என் நைட் டியூட்டியைப் போன வருடம் அவர்தான் எடுத்துக்கொண்டார்.

நான் அப்படி இல்லை. ராத்திரி ஒரே பெட்டில் இருந்து நாலாவது தடவை பெல் அடித்தால் எரிச்சல் வருகிறது. இந்தி, பெங்காலி பேசுகிறவர்களிடம் வேலையை முடித்துவிட்டு நகர்ந்துவிடுகிறேன். போன மாதம் நான் பார்த்துக்கொண்ட ஒரு பாட்டி இறந்துபோனார். எனக்கு அழுகை வரவில்லை. சார்ட் எழுதி முடித்துவிட்டு டீ குடிக்கப் போனேன். குடிக்கும்போதுதான் ‘நமக்கு மனசே இல்லையோ’ என்று பயமாக இருந்தது.

மே 12 நர்ஸ் தின விழாவில் அக்காவுக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்கள். அவரைப் பற்றி என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அவர் மேடை, புகழ் என்றாலே கூசுகிறவர். நான் என்ன பேசுவது? இந்த வேலைக்கே நான் லாயக்கில்லையா? அண்ணன் வேறு வேலை பார்க்கச் சொல்கிறான்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புத் தங்கைக்கு,

நீங்கள் டீ குடிக்கப் போனதில் ஒரு தப்பும் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த வட்டாரத்து வார்டுகளில் பல காலம் வேலை பார்த்து, பிறகு நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் எடுத்தவள் நான். நோயாளி இறந்தபின் அழுகிற நர்ஸையும் பார்த்திருக்கிறேன், அழாத நர்ஸையும் பார்த்திருக்கிறேன். அதை வைத்து இவர் நல்லவர், அவர் கல்நெஞ்சக்காரர் என்று நான் பிரித்ததே இல்லை. இறந்துபோன அந்தப் பாட்டிக்கு உங்கள் கண்ணீரால் ஆகப்போவது எதுவும் இல்லை. அவர் உயிரோடு இருந்த கடைசி நாட்களில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். உங்கள் கடிதத்தில் அது ஒரு வரிகூட இல்லை.

வாய் உலர்ந்து கிடந்தபோது பஞ்சை நனைத்து உதட்டைத் துடைத்தீர்களா? இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்து, முதுகிலும் குதிகாலிலும் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்த்தீர்களா? துணி நனைந்ததும் மாற்றினீர்களா? மாற்றும்போது திரையை இழுத்துவிட்டீர்களா? பிள்ளைகளில் யாராவது வெளியூரில் இருந்தால், ‘சீக்கிரம் வரச் சொல்லுங்கள்’ என்று நேரத்தோடு சொன்னீர்களா? செய்திருப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன். ஏனென்றால் செய்யாதவர்களுக்கு இப்படியொரு கடிதம் எழுதத் தோன்றாது. நோயாளிக்கு வந்து சேர்கிற கருணை இதுதான். நமக்கு உள்ளே என்ன ஓடுகிறது என்பது அவருக்குத் தெரியாது. நம் கை எப்படிப் பட்டது, குரல் எப்படி இருந்தது, சொன்ன நேரத்துக்கு வந்தோமா என்பதுதான் அவருக்குத் தெரியும்.

அக்காவைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவர் மேல் எனக்கும் மரியாதை வந்துவிட்டது. ஆனால் பாருங்கள், எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும் என்று எழுதியிருக்கிறீர்களே தவிர, அவர் என்ன செய்கிறார் என்று எழுதவில்லை. தாத்தா ஏன் அவரிடம் மட்டும் வாயைத் திறக்கிறார்? அது அவர் பிறவியிலேயே கொண்டுவந்த வரம் என்று விட்டுவிட்டால் நீங்கள் கற்றுக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது.

அதனால் உங்களுக்கு ஒரு வேலை. அடுத்த வாரம் அவரோடு ஒரே ஷிஃப்ட் வரும் நாளில், அவர் முகத்தைப் பார்க்காமல் கையைப் பாருங்கள். நான் பார்த்த இப்படிப்பட்ட சிஸ்டர்கள் எல்லோரிடமும் சில பழக்கங்கள் பொதுவாக இருந்தன. டியூட்டிக்கு வந்ததும், முந்தைய ஷிஃப்டிடமிருந்து பொறுப்பை வாங்கிக்கொள்ளும் ஹேண்டோவர் முடிந்த கையோடு எல்லாப் படுக்கைக்கும் ஒரு சுற்றுப் போவார்கள். அந்தச் சுற்றில் ஊசி, மாத்திரை எதுவும் கையில் இருக்காது. பேச்சு மட்டும்தான். உயரமாக நின்றுகொண்டு கீழே பார்த்துப் பேசமாட்டார்கள், குனிவார்கள் அல்லது ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். ஊசி போடுவதற்கு முன்னால் ‘குத்தப் போறேன், கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும்’ என்று சொல்வார்கள். ‘வலிக்காது’ என்று ஒருநாளும் பொய் சொல்லமாட்டார்கள். மாத்திரையைக் கையில் திணிக்காமல் இது எதற்கு என்று ஒரு வார்த்தை சொல்வார்கள். தாத்தா மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள். அவருக்குத் தொண்டையில் விழுங்கக் கஷ்டமாக இருக்கலாம், வெறும் வயிற்றில் எரியலாம், இல்லை நேற்று அதைப் போட்டுக்கொண்டபின் வாந்தி வந்திருக்கலாம். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு டாக்டரிடம் சொல்லி, நேரத்தையோ மருந்தையோ மாற்ற வழி பார்ப்பார்கள். அப்படிச் செய்கிறவரிடம் மறுநாள் தாத்தா வாயைத் திறப்பதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

இன்னொன்று, பெயர். இங்கிலாந்தில் கேட் கிரேஞ்சர் என்று ஒரு டாக்டர் இருந்தார். அவருக்கே புற்றுநோய் வந்து, 2013இல் மருத்துவமனையில் நோயாளியாகப் படுத்திருந்தபோது ஒன்றைக் கவனித்தார். தன்னிடம் வருகிற பலர் தாங்கள் யார், பெயர் என்ன என்று சொல்லாமலேயே வேலையைச் செய்துவிட்டுப் போகிறார்கள். ஒரு மருத்துவருக்கே அது அவ்வளவு தனிமையாக இருந்தது. ‘வணக்கம், என் பெயர் இது’ என்று சொல்லித் தொடங்குங்கள் என்று அவர் ஆரம்பித்த இயக்கம் அந்த நாடு முழுக்கப் பரவியது. 2016இல் அவர் இறந்துபோனார். நம் வார்டுகளில் எல்லோரும் ‘சிஸ்டர்’தான். அது மரியாதையான பேர்தான், மறுக்கவில்லை. ஆனால் ‘இன்னைக்கு ராத்திரி முழுக்க நான்தான் உங்களைப் பாத்துக்கப் போறேன், என் பேரு இது’ என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். பெல் அடிக்கிற கையில் இருக்கிற பதற்றம் பாதி குறையும்.

இந்தி, பெங்காலி பேசுகிறவர்களைப் பற்றி ஒளிக்காமல் எழுதியிருக்கிறீர்கள். வேலூரில் வேலை செய்கிற எந்த நர்ஸும் இதைத் தாண்டித்தான் வர வேண்டும். கொல்கத்தாவில் இருந்தும் ஜார்க்கண்டில் இருந்தும் பங்களாதேஷில் இருந்தும் வந்து காட்பாடி ஜங்ஷனில் இறங்குகிறவர்களை யோசித்துப் பாருங்கள். இரண்டு நாள் ரயில், காந்தி ரோட்டுப் பக்கம் ஒரு லாட்ஜ் அறை, கையில் ஸ்டவ், ஒரு மூட்டை அரிசி, பழைய ரிப்போர்ட் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில். பேருந்துப் பலகை படிக்கத் தெரியாது, சாப்பாடு பிடிக்காது, வேலூர் வெயில் வேறு. இந்த நிலையில் வீட்டு ஆளைப் படுக்கையில் விட்டுவிட்டு, கேட்கிற கேள்விக்கு முகம் திருப்பிக்கொள்கிற ஒருவரைப் பார்த்தால் அவர்களுக்கு எப்படி இருக்கும்?

முழு மொழியும் கற்க வேண்டாம். வார்டுக்குத் தேவையானது ஒரு முப்பது, நாற்பது வார்த்தை. வலி, தண்ணீர், மூச்சு, சாப்பிட்டாச்சா, ஒன்றுக்கு, இரண்டுக்கு, திரும்பிப் படுங்கள், பயப்படாதீர்கள், டாக்டர் வருவார். இதை இந்தியிலும் பெங்காலியிலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சித்தூர் பக்கத்தில் இருந்து வருகிறவர்களுக்காகத் தெலுங்கும். பெங்காலியில் ‘ஜொல்’ என்றால் தண்ணீர், ‘பேத்தா’ என்றால் வலி. தெலுங்கில் ‘நீள்ளு’, ‘நொப்பி’. யாரிடம் கற்பது என்கிறீர்களா? படுக்கைக்குப் பக்கத்தில் நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்கிறார்களே, கூட வந்தவர்கள், அவர்களிடமே கேளுங்கள். தப்பாகச் சொன்னால் சிரிப்பார்கள், திருத்துவார்கள். அந்தச் சிரிப்பிலேயே பாதி அந்நியம் போய்விடும். ஆனால் ஒரு எச்சரிக்கை. ஆபரேஷன் சம்மதம் வாங்குவது, வியாதியைப் பற்றி விளக்குவது போன்றவற்றுக்கு இந்த அரைகுறை மொழி போதாது. அதற்கு மொழி தெரிந்த ஊழியரைத்தான் கூப்பிட வேண்டும்.

மொழியே இல்லாமல் செய்யக்கூடியதும் உண்டு. பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1946இல் வேலூருக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்தும் முறையை இங்கேதான் வளர்த்தார். வேலூருக்குப் பக்கத்தில் இருக்கிற கரிகிரியில் தொழுநோய் மருத்துவமனையும் ஆராய்ச்சியும் வளர்ந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் பிற்காலத்தில் சொன்ன ஒரு சம்பவம். ஒரு நோயாளியைப் பரிசோதித்துவிட்டு, அவர் தோளில் கைபோட்டுச் சிகிச்சையை விளக்கிக்கொண்டிருந்தார். அந்த ஆள் தேம்பி அழத் தொடங்கிவிட்டார். ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டேனா என்று பிராண்ட் பதறினாராம். மொழிபெயர்த்த பெண் விசாரித்துவிட்டுச் சொன்னார்: நீங்கள் தோளில் கை வைத்ததால்தான் அழுகிறார், பல வருடமாக இவரை யாருமே தொட்டதில்லை. இது நடந்தது நீங்கள் வேலை செய்கிற வேலூரில்தான். நாம் கிளவுஸ் போட்டுக்கொண்டு ஒரு ஷிஃப்டில் எத்தனையோ பேரைத் தொடுகிறோம். எல்லாம் ஊசிக்கும் பி.பி.க்கும்தான். வேலை எதுவும் இல்லாமல் சும்மா ஒரு தடவை கையைப் பிடிக்கிறோமா என்பதைக் கவனியுங்கள்.

சரி, இப்போது நான் கொஞ்சம் கவலையோடு சொல்ல வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வார்டில் யார் இறந்தாலும் குடும்பத்திடம் பேச அக்காவைக் கூப்பிடுகிறார்கள். முரண்டு பிடிக்கிற நோயாளி என்றால் அக்கா. யாருக்கு லீவு வேண்டுமென்றாலும் அக்கா. ‘அவங்க மாதிரி யாருக்கும் வராது’ என்று சொல்லிச் சொல்லியே, வார்டில் இருக்கிற அத்தனை துக்கத்தையும் ஒரே ஆள் தலையில் இறக்கி வைத்துவிட்டீர்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அவர் மேல் இருக்கிற அன்பில்தான் செய்கிறீர்கள். ஆனால் அதன் பலன் இரண்டு பக்கமும் கேடு. அவருக்கு ஓய்வே இல்லை. உங்களைப் போன்ற இளைய நர்ஸ்களுக்கு, இறந்தவரின் மகளோடு ஐந்து நிமிடம் உட்கார்ந்திருப்பது எப்படி என்று பழக வாய்ப்பே இல்லை. பிறகு ‘எனக்கு அது வராது’ என்று நீங்கள் நினைப்பது இயல்புதானே? செய்ததே இல்லையே!

இசபெல் மென்சீஸ் என்ற மனப்பகுப்பாய்வாளர் லண்டனில் ஒரு பெரிய பயிற்சி மருத்துவமனையில் நர்ஸ்களை ஆராய்ந்து 1960இல் ஒரு கட்டுரை எழுதினார். நோயையும் சாவையும் தினமும் பக்கத்தில் இருந்து பார்ப்பதால் வரும் பதற்றத்தைத் தாங்க முடியாமல், மருத்துவமனையே சில தடுப்புச் சுவர்களைக் கட்டிக்கொள்கிறது என்று அவர் கண்டார். வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒருவர் எல்லா நோயாளிக்கும் ஒரே ஒரு வேலையை மட்டும் செய்கிற மாதிரி வைத்துவிடுவது. நோயாளியைப் பெயர் சொல்லாமல் படுக்கை எண்ணாலோ நோயின் பெயராலோ குறிப்பிடுவது. யாரோடும் நெருக்கம் வராமல் பார்த்துக்கொள்வது. நம்முடைய வார்டிலும் ‘ஆறாம் நம்பர் பெட்’ என்றுதானே பேசுகிறோம். அந்தச் சுவர்கள் நர்ஸ்களின் பதற்றத்தைக் குறைக்கவில்லை, வேலையில் கிடைக்க வேண்டிய நிறைவைத்தான் பறித்துக்கொண்டன என்பது அவருடைய முடிவு. உங்கள் எரிச்சலையும் மரத்துப்போன உணர்வையும் நான் இந்த வெளிச்சத்தில்தான் பார்க்கிறேன். உங்களுக்கு மனசு இல்லாமல் போகவில்லை. ரெண்டு வருடமாக அதைப் பயன்படுத்த வேண்டாத மாதிரி ஒரு ஏற்பாட்டுக்குள் இருக்கிறீர்கள்.

எனவே அடுத்த தடவை அப்படியொரு நேரம் வரும்போது அக்காவிடம் ‘நானும் கூட வரேன்க்கா’ என்று சொல்லுங்கள். முதலில் பேசவே வேண்டாம், பக்கத்தில் நில்லுங்கள். அவர் எந்த வரிசையில் செய்கிறார் என்று பாருங்கள். நடைபாதையில் நின்று சொல்லாமல் எங்காவது உட்கார வைப்பார். ‘இறந்துட்டாங்க’ என்று தெளிவாகச் சொல்வார், சுற்றி வளைத்துப் பேசி நம்பிக்கை கொடுக்கமாட்டார். சொன்னபிறகு சும்மா இருப்பார். நம்மில் பலருக்குக் கஷ்டமானது அந்தச் சும்மா இருப்பதுதான். பிறகு உடம்பைக் காட்டுவதற்கு முன் கண்ணை மூடி, முகத்தைத் துடைத்து, தலையை வாரி, ஐ.வி. லைனை எடுத்த இடத்தில் ரத்தம் கசியாமல் ஒட்டி, சுத்தமான போர்வை போர்த்துவார்.

நம் வார்டுகளில் எல்லா மதத்தாரும் வருகிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டில் இருந்து வருகிற முஸ்லிம் குடும்பத்தார் கடைசி நேரத்தில் முகத்தைக் கிப்லா பக்கம், அதாவது மக்கா இருக்கும் திசையில், திருப்பி வைக்கவும் காதருகில் கலிமா சொல்லவும் விரும்புவார்கள். சிலர் துளசி தீர்த்தம் கொண்டுவருவார்கள். சிலர் ஜெபம் செய்யப் போதகரைக் கூப்பிடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். நல்ல சிஸ்டர் அவர்கள் கேட்கும்வரை காத்திருக்கமாட்டார். ‘உங்க வழக்கப்படி ஏதாவது செய்யணுமா?’ என்று தானே கேட்பார். விழுங்க முடியாதவருக்குத் தீர்த்தத்தை ஊற்றினால் புரையேறிவிடும், உதட்டை நனைத்தால் போதும் என்று பக்குவமாகச் சொல்வார். இதெல்லாம் ஒன்றொன்றாகக் கற்றுக்கொள்ளக்கூடியவை. இரண்டு மூன்று முறை கூட நின்றபின், ஒருமுறை நீங்கள் பேசுங்கள், அக்கா பக்கத்தில் நிற்கட்டும்.

‘இவ்வளவு துக்கத்தையும் உள்ளே வாங்கினால் நான் நொறுங்கிவிடுவேனே’ என்று தோன்றலாம். ஓல்கா கிளிமெக்கி, டானியா ஸிங்கர் என்ற மூளை ஆராய்ச்சியாளர்கள் செய்த ஆய்வு ஒன்று இதற்கு எனக்குப் பிடித்த பதில். சிலருக்கு, மற்றவர் படும் வேதனையை அப்படியே தாமும் உணரும்படி பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் மனம் சோர்ந்துபோனது. பிறகு அதே ஆட்களுக்கு, வேதனைப்படுகிறவர் நலம் பெற வேண்டும் என்று அன்போடு நினைக்கும் பயிற்சி கொடுத்தார்கள். சோர்வு குறைந்தது, மனம் தெம்பானது. மூளையில் இயங்கிய பகுதிகளும் வேறாக இருந்தன. பாட்டியின் வலியை நீங்களும் சேர்ந்து அனுபவிக்க வேண்டியதில்லை. ‘இந்த அம்மாவுக்கு இப்போ எது கொஞ்சம் ஆறுதலா இருக்கும்?’ என்று கேட்டுக்கொண்டு அதைச் செய்தால் போதும். உங்கள் அக்கா இத்தனை வருடம் நின்றது இப்படித்தான் இருக்கும் என்பது என் ஊகம். அவரிடமே கேளுங்கள்.

நைட் எரிச்சலுக்கு வருகிறேன். நாலாவது பெல்லுக்கு முன்னால் நீங்களே போய்விடுங்கள். மணிக்கு ஒருமுறை ஒரு சுற்று. வலி இருக்கிறதா, பாத்ரூம் போக வேண்டுமா, படுத்திருப்பது வசதியாக இருக்கிறதா, தண்ணீரும் பெல்லும் கைக்கு எட்டுகிறதா. தூங்குகிறவரை எழுப்ப வேண்டாம். கிளம்பும்போது மறுபடி எப்போது வருவீர்கள் என்று சொல்லுங்கள். ‘இதோ அஞ்சு நிமிஷம்’ என்று சொல்லிவிட்டு அரைமணி கழித்துப் போவதை விட, ‘இருபது நிமிஷம் ஆகும்’ என்று சொல்லிப் பதினைந்தில் போவது நல்லது. பெல் அடிப்பவர்களில் பலர், யாரும் வரமாட்டார்களோ என்ற பயத்தில்தான் அடிக்கிறார்கள்.

ஆனால் எல்லாவற்றையும் உங்கள் தலையிலேயே போட்டுக்கொள்ளாதீர்கள். ராத்திரியில் உங்களுக்கு எத்தனை நோயாளிகள் என்று நீங்கள் எழுதவில்லை. லிண்டா எய்க்கன் என்ற நர்சிங் ஆராய்ச்சியாளரும் அவர் குழுவும் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து மருத்துவமனைகளில் ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட கணக்கு இது: ஒரு நர்ஸ் பார்க்க வேண்டிய நோயாளிகளில் ஒருவர் கூடினால், அந்த நர்ஸ் வேலையில் சோர்ந்துபோகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடுகிறது, அறுவை சிகிச்சை செய்துகொண்ட நோயாளி 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. ஆள் பற்றாத வார்டில் எரிச்சல் வருவது குணக்கேடு இல்லை. உங்கள் வார்டில் அப்படி இருந்தால், நீங்களும் அக்காவும் மற்றவர்களும் சேர்ந்து, எந்த ராத்திரி எத்தனை பேருக்கு எத்தனை நர்ஸ் இருந்தீர்கள் என்று தேதி போட்டு எழுதி, இன்சார்ஜ் சிஸ்டர் வழியாக நர்சிங் சூப்பரிண்டெண்டுக்குக் கொடுங்கள். தனி ஆளாகப் போக வேண்டாம்.

அப்புறம் ஒன்று. மனம் மரத்துப்போனது வார்டில் மட்டுமா, வீட்டுக்கு வந்தும் அப்படியா? தூக்கம் கெட்டு, சாப்பாடு பிடிக்காமல், அம்மாவிடமும் தோழிகளிடமும் பேசப் பிடிக்காமல் வாரக்கணக்கில் இருந்தால், அது வேலைக் களைப்பைத் தாண்டிய விஷயம். மனநல மருத்துவரைப் பாருங்கள். உடனே யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள். நர்ஸ் என்பதால் வெட்கப்பட வேண்டாம்.

வேலையை விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். இரண்டாவது வருடத்தில் நம் கவனம் எல்லாம் டிரிப் வேகத்திலும் மருந்து அளவிலும்தான் இருக்கும். அப்படித்தான் இருக்கவும் வேண்டும், தப்பு நடந்துவிடக் கூடாது. அந்த வேலைகள் கைக்குப் பழகிய பிறகுதான் நோயாளியின் முகத்தைப் பார்க்கக் கண்ணுக்கு ஓய்வு கிடைக்கும். சைக்கிள் பழகும்போது பெடலைப் பார்த்துக்கொண்டிருந்தவர் பழகியபின் தெருவைப் பார்ப்பது போல. நர்சிங் பயிற்சிக்கு வேலூரில் நூறு வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடர் 1909இல் இங்கே நர்ஸ்களுக்குப் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். இந்தியாவில் நர்சிங் பட்டப்படிப்பு 1946இல் ஆரம்பமான இடங்களில் வேலூரும் ஒன்று. நோயாளியைக் கவனிப்பது பிறவிக் குணம் மட்டும்தான் என்று நினைத்திருந்தால் அந்த முன்னோடிகள் பள்ளி கட்டியிருக்கமாட்டார்கள். இன்னும் ஒரு வருடம், நான் சொன்னவற்றைச் செய்துகொண்டே பாருங்கள். அதற்கப்புறமும் காலையில் டியூட்டிக்குக் கிளம்பவே மனம் வரவில்லை என்றால், ஐ.சி.யூ., ஆபரேஷன் தியேட்டர், சமுதாய நலப்பணி, கற்பித்தல் என்று நர்சிங்குக்குள்ளேயே எத்தனையோ பிரிவு இருக்கிறது. அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள், உங்கள் மேல் உள்ள அக்கறையில்தான் பேசுகிறார்.

கடைசியாக விழாப் பேச்சு. அக்காவைத் தெய்வம், தேவதை, கருணையின் வடிவம் என்றெல்லாம் பேசாதீர்கள். பேச்சு முடிந்ததும் எல்லோரும் கைதட்டிவிட்டுப் பழையபடி கஷ்டமான பெட்டை எல்லாம் அவரிடமே தள்ளிவிடுவார்கள். அவர் செய்கிற மூன்று காரியங்களைச் சொல்லுங்கள், நீங்கள் கண்ணால் பார்த்தவை மட்டும். தாத்தாவிடம் அவர் முதலில் என்ன கேட்டார், துக்கத்தில் இருந்த மகளை எங்கே உட்கார வைத்தார், உங்கள் நைட்டை எடுத்துக்கொண்ட அன்று என்ன சொன்னார். நோயாளிகளின் பெயர், ஊர், நோய் எதுவும் மேடையில் வர வேண்டாம். அவரிடமிருந்து நீங்கள் கற்றுக்கொண்டு செய்யத் தொடங்கிய ஒரு காரியத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். விழாவுக்குள் அப்படி ஒன்றாவது இருக்கும்படி இன்றே தொடங்கிவிடுங்கள்.

முடிக்கும்போது எல்லோர் முன்னாலும் ஒரு கோரிக்கை வையுங்கள். குடும்பத்திடம் துக்கச் செய்தி சொல்ல இனிமேல் அக்காவோடு முறை வைத்து ஒரு ஜூனியரும் போக வேண்டும், அவருக்கு லீவு தேவைப்படும்போது அவருடைய டியூட்டியை எடுக்க நாங்கள் இருக்கிறோம் என்று. அமெரிக்காவில் கென்னத் ஷ்வார்ட்ஸ் என்ற வழக்கறிஞர் நுரையீரல் புற்றுநோயால் 1995இல் இறந்தார். தன்னைக் கவனித்தவர்களின் அன்பான சின்னச் சின்னச் செயல்கள்தான் தாங்க முடியாததைத் தாங்க வைத்தன என்று எழுதிவைத்தார். அவர் பெயரில் அமைந்த மையம், மருத்துவமனை ஊழியர்கள் கூடி உட்கார்ந்து தங்கள் மனபாரத்தைப் பேசும் வழக்கத்தைப் பல மருத்துவமனைகளில் உருவாக்கியிருக்கிறது. உங்கள் வார்டில் மாதம் ஒருமுறை ஷிஃப்ட் மாறும் நேரத்தில் இருபது நிமிடம் அப்படி உட்கார முடியுமா என்று இன்சார்ஜிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சம்மதித்தால் அதையும் மேடையில் அறிவிக்கலாம்.

பேச்சு நாலைந்து நிமிடம் போதும். எழுதி முடித்ததும் விழாவுக்கு முன்பே அக்காவிடம் ஒருமுறை படித்துக் காட்டுங்கள். புகழ் கேட்டுக் கூசுகிறவர் என்கிறீர்கள். ஏதாவது ஒரு பகுதி வேண்டாம் என்று அவர் சொன்னால், ஏன் என்று கேட்காமல் எடுத்துவிடுங்கள்.